ஒரு காருக்கு ரெண்டு ஓனர்

போன வாரம் பலமனேரில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் எங்கள் காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். மாப்பிள்ளை கார் இன்னும் வரவில்லை. அதனால் கூட்டம் எங்கள் காரைச் சுற்றிக்கொண்டது. செல்ஃபி, வீடியோ, கேள்விகள்...

"இந்த கார் யாருதுங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எங்களுது" என்றாள் என் மனைவி சுகந்தி.

'எங்களுது' என்றால் அவளும் நானும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவரும் அப்படித்தான் நினைத்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இல்லை ஐயா. அது அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் சொந்தமான கார். நான் அதில் லக்கேஜ் மட்டும்தான்.

கரும்பச்சை நிறம். இரண்டே கதவுகள். பாதி தெருவை அடைக்கும் நீண்ட மூக்கு, மர டேஷ்போர்டு, கம்பிச் சக்கரம். கிராண்ட் டூரர் என்று இந்த வகைக்குப் பெயர். வேகமாகவும் போக வேண்டும், சோபாவில் சாய்ந்த மாதிரி ரொம்ப தூரமும் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட வெள்ளைக்காரர்களுக்காக அந்தக் காலத்து பிரிட்டனில் செய்தது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஸ்பேர் பார்ட்ஸ் விலை ஏறிவிடும் என்று மச்சான் பயப்படுகிறார்.

முன்னால் இரண்டு அருமையான லெதர் சீட். பின்னாலும் ஒன்று உண்டு. அதில் உட்கார வேண்டுமானால் முழங்கால்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். அந்த சீட் எனக்கு.

என் மாமனார் சித்தூரில் டாக்டர். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த ஒரு இன்ஜினியரின் குடும்பம் ஊரைக் காலி செய்து கிளம்பியபோது அவர்களிடமிருந்து இந்தக் காரை வாங்கினார். அவர் காலமான பிறகு வீடும் நிலமும் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரிந்துவிட்டன. அண்ணன் தங்கைக்குள் ஒரு முகச்சுளிப்பு கிடையாது. காரிடம் வந்தபோதுதான் இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். விற்கவும் மனசில்லை, விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. காரை எப்படிப் பிரிப்பது?

கடைசியில் ஆறு மாதம் சித்தூரில் சுகந்தியிடம், ஆறு மாதம் திருப்பதியில் அண்ணன் ஜெயசீலனிடம் என்று முடிவானது. நடுவில் இருக்கும் பாகாலா ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சாவி கை மாறும்.

இதுவரை கேட்டால் ஏதோ அன்புக் குடும்பம் மாதிரி இருக்கும். அன்பு இருந்தது. அதைவிடப் போட்டி அதிகம் இருந்தது. சுகந்தி தன் முறையில் சீட்டுகளுக்குப் புதுத் தையல் போட்டுக் கொடுப்பாள். உடனே மச்சான் தன் முறையில் மொத்த ஒயரிங்கையும் மாற்றித் திருப்பிக் கொடுப்பார். இவள் குரோமியத்தைப் பளபளப்பாக்கினால் அவர் கார்புரேட்டரைப் பிரித்து மேய்வார். அவள் சித்தூர் கோர்ட்டில் வக்கீல். அவர் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். இரண்டு பேருமே தோற்றுப் பழகாதவர்கள்.

போன மாம்பழ சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் மச்சானிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில்தான் பேசினார்கள். எங்கள் வீட்டில் எல்லாமே ஸ்பீக்கர்தான்.

"சுகு, ஒரு ஐடியா. பெங்களூர்ல ஒரு ஒர்க்‌ஷாப் இருக்குது. பழைய இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் கழட்டிட்டு பேட்டரியும் மோட்டாரும் வச்சித் தராங்க. ஸ்டார்ட் பண்ணா சத்தமே வராது."

"சத்தம் வராதுன்றத நல்ல விஷயமா சொல்லிக்கினு இருக்கியாண்ணா?"

"உலகமே அப்பிடித்தான் போய்க்கினு இருக்குது."

"உலகம் போவட்டும். என் வண்டி போவாது."

"உன் வண்டியா? என் ஆறு மாசத்துல நான் இன்னா வேணா பண்ணுவேன்."

"கை வச்சித்தான் பாரேன்... கோர்ட்ல ஸ்டே வாங்கறேன்."

மற்றவர்கள் வீட்டில் இது வெறும் பேச்சு. வக்கீல் வீட்டில்? அன்று சாயங்காலமே ஜூனியரைக் கூப்பிட்டு டிராஃப்ட் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அண்ணனும் தங்கையும் பேசுவது நின்றுபோனது. தகவல் பரிமாற்றமெல்லாம் என் போன் வழியாக.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஒரு ஒரிஜினல் கியர் குமிழுக்காகக் கோயம்புத்தூர் வரை போய் வந்த மனுஷர் இவர். பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இன்ஜின் ஓடுவதைக் கச்சேரி மாதிரி உட்கார்ந்து கேட்பவர். அவருக்கு இன்ஜின் மேல் திடீரென்று என்ன வெறுப்பு?

இந்த நிலையில்தான் திருப்பதியில் ஒரு சந்திப்பு. இதுபோன்ற பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் தென்னிந்தியாவெங்கும் இருந்து வந்து ஒரு ஹோட்டல் மைதானத்தில் கூடுகிறார்கள். அண்ணன், தங்கை இருவருக்குமே அழைப்பு. சாவி கை மாற வேண்டிய அதே சனிக்கிழமை.

நானும் சுகந்தியும் காலையில் பாகாலா போய்ச் சேர்ந்தோம். மச்சான் ரயிலில் வந்து ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தார். முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் பஸ் ஏறுவதில்லை. ஆட்டோக்காரர்கள் டீ கிளாசோடு காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அன்னா, இதி ஃபாரின் பண்டியா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஃபாரின்லேயே பொறந்தது. வளந்தது சித்தூர்" என்று தெலுங்கில் பதில் சொன்னார் மச்சான், பெருமையாக. பிறகு தங்கையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

சுகந்தி சாவியைக் கொடுக்கவில்லை. கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஏங்க, உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க. இன்ஜின்ல கை வைக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்தா சாவி."

"மாப்ளே, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. எழுதியெல்லாம் தர மாட்டேன்."

இரண்டு பேருக்கும் நடுவே இரண்டடி தூரம்கூட இல்லை. ஆட்டோக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. நான்தான் குறுக்கே விழுந்தேன்: "முதல்ல எல்லாரும் திருப்பதி போவோம். சண்டையை அங்கே போய் ஏசி ரூம்ல வச்சிக்கலாம். மச்சான், இங்கேயிருந்து உங்க முறை. நீங்க ஓட்டுங்க."

அப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னார். "வேணாம்... அவளே ஓட்டட்டும்."

தன் முறையில் டிரைவர் சீட் கதவை வேறு யாரும் தொடக்கூட விடாதவர்! சுகந்தி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"இன்ஜினையே தூக்கிப் போடப் போறவருக்கு அத ஓட்ட எப்பிடி மனசு வரும்?" என்றபடி ஜிப்பைத் திறந்து சாவியை பானட் மேல் வைத்தாள். "உன் முறை. நீயே ஓட்டு."

மச்சான் சாவியைப் பார்த்தார். ஆட்டோக்காரர்களைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் மடங்கினேன்.

கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியவில்லை. நல்ல ரோடு, டாப் கியர். ஆறு சிலிண்டரும் ஒன்றாக முணுமுணுத்தன. அப்புறம் ஒரு ஜூஸ் ஃபேக்டரி வந்தது.

மாம்பழ சீசனில் எங்கள் ஜில்லாவில் ஜூஸ் ஃபேக்டரி வாசல் எப்படி இருக்கும் என்று தெரியுமா? தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நகரும், நிற்கும், நகரும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் கிளட்ச். மறுபடி கிளட்ச்.

முதலில் கார் ஒரு தடவை உதறியது. அடுத்து அணைந்தது. மூன்றாவது உதறலில் அப்படியே முன்னால் பாய்ந்தது. முன்னால் நின்ற டிராக்டரின் மாங்காய்க் குவியல் கண்ணாடிக்கு நேரே வந்துவிட்டது. மச்சான் பிரேக்கை மிதித்தார். ஒரு சாண் இடைவெளியில் நின்றோம்.

டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்: "ஏம் சார், பிரேக் லேதா?"

"உந்தி, உந்தி" என்று கையைக் காட்டினார் மச்சான். பிரேக் இருக்கிறதாம். முகமெல்லாம் வியர்வை. "பாத்தியா சுகு? இதுக்குத்தான் சொன்னேன். கெழட்டு இன்ஜின்."

சுகந்தி வாயைத் திறந்தாள். சூடான பதில் ஒன்று தயாராக இருந்திருக்கும். ஆனால் அவள் கண் கீழே இருந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டிருந்த நானும் பார்த்தேன்.

மச்சான் தன் இடது முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்து அந்தக் காலைத் தூக்கி, கிளட்ச் பெடல் மேல் வைத்துக்கொண்டிருந்தார். தூங்கும் குழந்தையின் காலை நகர்த்தி வைப்போமே, அந்த மாதிரி.

பின்னால் ஹாரன்கள் அலறின.

"எவ்ளோ நாளாண்ணா இப்பிடி?" சுகந்திதான் கேட்டாள். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்த பேச்சு, என் வழியாக இல்லாமல் நேராகப் போனது.

"எப்பிடி?"

"அண்ணா..."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார். "ஆபரேஷன் ஆனதுலேர்ந்து. நரம்பு திரும்பல. நடக்க வருது. ஆனா அழுத்தி மிதிக்கணும்னா வரல."

"நல்லாயிடுச்சின்னு சொன்னியே? ஏன் மறைச்சே?"

"சொன்னா இன்னா ஆவும்? பாவம் அண்ணா, நீ பக்கத்துல உக்காருன்னுவே. என் ஆறு மாசமும் உன்னுதாயிடும். அப்புறம் நான் யாரு? மாப்ளே மாதிரி பின்னால உக்காந்து வரணும்." எனக்கு வலித்தது, ஆனால் சந்தர்ப்பம் சரியில்லை. "பேட்டரி வண்டின்னா கிளட்ச் கெடையாது சுகு. வலது காலு ஒண்ணே போதும். இன்ஜின் போறது எனக்கு மட்டும் சொகமாவா இருக்குது? ஆனா நைனா காரை நான் ஓட்டணும்."

சுகந்தி இறங்கி, சுற்றிக்கொண்டு போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். மச்சான் இறங்கி மாறி உட்கார்ந்தார்.

சந்திரகிரி நெருங்கியது. அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எடுத்துடுண்ணா."

"இன்னாத்த?"

"இன்ஜினை. பேட்டரியே வச்சிக்கோ. நான் கேஸ் போட மாட்டேன்."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேணாம்."

"எடுன்றேன்."

"வேணான்றேன். நீ ஓட்டறப்ப இந்த சத்தத்தக் கேட்டுக்கினு வந்தேன் பாரு... வேணாம். இனிமே நீயே வச்சிக்கோ."

"அதெல்லாம் முடியாது. பாதி உன்னுது."

பாகாலாவில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் திருப்பதி எல்லைக்குள் ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சத்தம் என்னவோ அதே அளவுதான். ஒரு சண்டை அப்படியே தலைகீழாகத் திரும்பியதை அன்றுதான் பார்த்தேன்.

ஹோட்டல் மைதானத்தில், திருமலையைப் பின்னால் வைத்துக்கொண்டு வரிசையாகக் கார்கள். சிவப்பு, வெள்ளை, வெள்ளி. பக்கத்தில் அதனதன் ஓனர்கள், பெண்ணைப் பெற்றவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு. ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துத் தன் காரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்.

பெருமை பேசுகிறவர்கள் இருக்கும் இடத்தில் எனக்குக் கொட்டாவி வரும். இங்கே வரவில்லை. ஏனென்றால் இவர்கள் தங்கள் காரின் நோயையும் சேர்த்தே பெருமையாகச் சொன்னார்கள். "என்னுது எண்ணெய் ஒழுகும். ஒழுகலைன்னாதான் பயப்படணும்" என்றார் சென்னைக் கண் டாக்டர் ஒருவர். "வர்ற வழியில மூணு ஊர்ல நின்னுச்சுங்க. மூணு ஊர்லயும் நல்ல காபி கெடச்சுதுங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர். ஒரே கைதட்டல். காரின் பலவீனத்தை இவ்வளவு தெம்பாகச் சொல்கிறோம். நம்முடையதைச் சொல்ல மட்டும் ஏன் அப்படி நடுங்குகிறோம்?

மைக் மச்சானிடம் வந்தது. சுகந்தி பக்கத்தில் நின்றாள். அவர் காரின் மூக்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"இது எங்க நைனா வாங்கின கார். ஆறு மாசம் என் தங்கச்சி ஓட்டும், ஆறு மாசம் நான் ஓட்டுவேன். இன்ஜினுக்கு ஒரு குறையும் கிடையாது. குறை என் இடது காலுக்குத்தான். கிளட்ச் மிதிக்க முடியல. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு பாவம், இன்ஜின் மேல பழி போட்டேன். இன்னிக்கி காலைல ஒரு மாங்கா டிராக்டர் மேல ஏத்தப் பாத்து, தங்கச்சி கையில மாட்டிக்கினேன்."

முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்று, கைதட்டல் வந்தது. மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல்.

அது அடங்கும்முன் ஒரு அம்மாள் எங்களிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெங்களூர்க்காரர், பெயர் நளினி. இடது காலில் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் இரும்புச் சட்டம், மாட்டியிருந்தார். ஆனால் நடையில் ஒரு ராணுவ மிடுக்கு.

"சார், கிளட்ச்சை எதுக்கு நீங்க மிதிக்கறீங்க?" என்றார்.

மச்சானுக்குக் கேள்வியே புரியவில்லை.

"வாங்க, காட்டறேன்" என்று தன் வெள்ளைக் காருக்குக் கூட்டிப்போனார். எங்களுடையதைப் போலவே நீண்ட மூக்கு, அதே காலத்து பிரிட்டிஷ் கார். "எனக்குச் சின்ன வயசுல போலியோ. இந்தக் கார் அப்பாவோடதும் இல்ல, புருஷனோடதும் இல்ல. நானே தேடி வாங்கினது. எல்லாரும் ஆட்டோமேட்டிக் வாங்கிக்கோன்னாங்க. எனக்கு கியர் மாத்தணுமே! அதான் சார் இதுல சுகமே."

கியர் குமிழின் தலையில் ஒரு சின்ன பட்டன். அதை அமுக்கினால் உள்ளே ஒரு மோட்டார் கிளட்ச்சை இழுக்கிறது. விட்டால், மெதுவாக விடுகிறது. அவ்வளவுதான்.

சுகந்தி உடனே குறுக்கு விசாரணையைத் தொடங்கினாள். "இன்ஜின்ல கை வைப்பாங்களா?"

"ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டாங்க."

"பெடலை எடுத்துடுவாங்களா?"

"பெடல் அப்படியே இருக்கும். மிதிக்க முடிஞ்சவங்க மிதிக்கலாம். முடியாதவங்க பட்டன்."

"ரெண்டு பேரும் ஓட்டலாமா?"

"ரெண்டு பேரும் ஓட்டலாம்."

நளினி அம்மாள் சாவியை மச்சானின் கையில் வைத்தார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பயப்படாதீங்க, என்னுது தொட்டாச்சிணுங்கி இல்ல."

மச்சான் ஏறினார். முதல் கியரில் ஒரு உதறல். சுகந்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காரோடு கூடவே ஓட ஆரம்பித்தாள். "செகண்ட் போடுண்ணா! பட்டனை அமுக்கு! செகண்ட் போடு!" செகண்ட் விழுந்தது. வழுக்கிக்கொண்டு போனது. மைதானத்தின் அந்தக் கோடியில் மூன்றாவது கியர் மாறும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்து நிறுத்திய பிறகும் மச்சான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. சுகந்தி ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் தலைமுடியைக் கலைத்தாள். அறுபதைத் தாண்டிய அண்ணன் அவர்.

அப்புறம் நடந்தது சுருக்கம்தான். எங்கள் காருக்கும் பெங்களூரில் பட்டன் வைத்தார்கள். டாக்டர் சர்டிஃபிகேட், ஆர்.டி.ஓ. ஆபீஸ், லைசென்ஸ் என்று கொஞ்சம் அலைச்சல். கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்த கோபத்தையெல்லாம் சுகந்தி ஆர்.டி.ஓ. ஆபீசில் செலவழித்தாள். வேலை வேகமாக முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது வாசலில் அந்த ஆறு சிலிண்டர் சத்தம். மச்சான் திருப்பதியிலிருந்து தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கதவைத் திறந்து இறங்கியவர் முதலில் கேட்டது: "இன்னா சுகு, துன்னாச்சா? வா, ஒரு ரவுண்டு போலாம்." இரண்டு பேரும் போனார்கள். பிரியாணி ஆறிப்போனது. யாருக்கும் கவலையில்லை.

எனக்கு இதில் தோன்றுவது இவ்வளவுதான். மச்சான் தன் காலைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தவரை அவருக்கு வழி என்று ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. வாயைத் திறந்த அடுத்த நிமிஷம், இன்னொரு வழி காலிப்பர் மாட்டிக்கொண்டு தானாக நடந்து வந்தது. கௌரவத்துக்காக எதையெதையோ மூடி வைத்திருக்கிறோமே... மூடி வைத்தால் உதவி செய்ய வருகிறவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று எப்படித் தெரியும்?

போன மாதம் மச்சானின் முறை முடிந்து சாவி மறுபடி சித்தூருக்கு வந்துவிட்டது. கொடுக்கும்போது ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார்: "பட்டன் எனக்கு. பெடல் உனக்கு. காலு நல்லா இருக்கறவங்க மிதிச்சித்தான் ஓட்டணும், அதான் அழகு." சுகந்தியும் தலையை ஆட்டினாள்.

நேற்று சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பயங்கர டிராஃபிக். அரை மணி நேரமாக ஊர்ந்தோம். எனக்கே கால் வலித்தது, முன்னால் நின்ற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து. ஆனால் சுகந்தி ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஜாலியாக இருந்தாள். எட்டிப் பார்த்தேன். இடது கால் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு ஓரமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது.

"ஏங்க, அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். எழுத மாட்டேன் என்று செய்யவில்லை.